சூரிய மின்சாரம் யூனிட் இரண்டு ரூபாயா? காலநிலைக் கொள்கைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1.99 ரூபாய்க்குப் போனது. “இவ்வளவு மலிவாகிவிட்டதே, இனி கார்பன் டை ஆக்சைடு வெளியீட்டுக்குக் கார்பன் வரி எதற்கு?” என்று அந்த ஒரே எண்ணை வைத்துப் பேசுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு மெகாவாட் நிலையம் அமைக்க 4 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் மேகமும் போக, முழுத்திறனில் 20 சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 17.52 லட்சம் யூனிட். முதலீட்டை 25 ஆண்டுகளில் சம தவணைகளாக அடைக்க, 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 34.3 லட்சம் ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 1.96 ரூபாய். வட்டி 12 சதவீதமானால் ஆண்டுக்கு 51 லட்சம், யூனிட்டுக்கு 2.91 ரூபாய். பராமரிப்புச் செலவு தனி. அதே பலகை, அதே வெயில். 95 காசு வித்தியாசம் வட்டியால் மட்டுமே வந்தது.

இப்போது நிலக்கரிப் பக்கம் வருவோம். அனல்மின் நிலையம் யூனிட்டுக்குச் சுமார் 0.95 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறது. டன்னுக்கு 1,000 ரூபாய் கார்பன் விலை வைத்தால் யூனிட்டுக்குக் கூடுவதும் அதே 95 காசுதான். கடன் வட்டியைக் கணக்கில் எடுக்காமல் கார்பன் விலையை மட்டும் விவாதிப்பது பாதிக் கொள்கை. வட்டி அதிகமுள்ள நாடுகளில், கடனுக்கு அரசு உத்தரவாதம் தருவது வரிக்கு இணையாக வேலை செய்யும் என்பதே எங்கள் கணிப்பு.

சராசரி விலை நேரத்தையும் மறைத்துவிடும். நண்பகல் யூனிட்டும் மாலை ஏழு மணி யூனிட்டும் ஒன்றல்ல. மாலைத் தேவைக்குப் பேட்டரியோ, மிஞ்சும் மின்சாரத்தில் நீரை மேலேற்றிவைத்துப் பிறகு மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமோ வேண்டுமென்றால் அந்தச் செலவையும் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. ஆண்டுச் சராசரியில் இது தெரியாது. மணிவாரித் தரவை எடுங்கள்.

மின்சேமிப்புத் திட்டத்தை மதிப்பிடுவோர், மிச்சமாகும் யூனிட்டுகளை இந்திய மின்கட்டமைப்பின் சராசரி வெளியீடான யூனிட்டுக்கு 0.7 கிலோ சொச்சம் கார்பன் டை ஆக்சைடால் பெருக்கிவிடுகிறார்கள். ஆனால் விளக்கை அணைத்தால் அணு உலை குறையாது. பெரும்பாலும் குறைவது நிலக்கரி நிலையம். அப்படியிருக்க, உண்மைப் பயன் சராசரியைவிடக் கூடுதல். சூரிய மின்சாரம் மிஞ்சி வீணாகும் நண்பகலிலோ பயன் ஏறக்குறைய பூஜ்யம்.

தள்ளுபடி வீதத்தில், அதாவது வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதத்தில், நேரும் குழப்பம் இன்னும் பெரியது. நூறு ஆண்டு கழித்து நேரும் 100 கோடி ரூபாய் சேதத்தின் இன்றைய மதிப்பு 1.4 சதவீதத்தில் சுமார் 25 கோடி. 5 சதவீதத்தில் வெறும் 76 லட்சம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு டன் கார்பன் டை ஆக்சைடின் சேதத்தை 2023இல் 190 டாலர் என்று மதிப்பிட்டது. அதற்குமுன் அரசு பயன்படுத்திய இடைக்கால மதிப்பு 51 டாலர். வீதம் 3 சதவீதத்திலிருந்து 2 ஆனது அந்த உயர்வுக்கு ஒரு முக்கியக் காரணம். நிலையம் கட்டும் கடனின் வட்டி வேறு, வருங்காலத் தலைமுறையின் இழப்பை எடைபோடும் வீதம் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் விடையே தலைகீழாகும்.

அலகையும் பாருங்கள். ஆய்வில் ‘டன் கார்பன்’ என்றிருந்தால் 3.67ஆல் பெருக்கினால்தான் அது டன் கார்பன் டை ஆக்சைடு.