பழைய டட்சன் பிக்கப்புக்கு எந்த எஞ்சின்?

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றி ஓய்ந்த டட்சன் 620 ஒன்றை வாங்கிவிட்டீர்களா? எஞ்சின் தேடி ஹாஃப்-கட் கடைக்கு (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) ஓடும் முன் ஒரு வார்த்தை.

எல்லோரும் நிசானின் எஸ்ஆர்20 டர்போ எஞ்சின் மேல்தான் ஆசைப்படுகிறார்கள். ஆனால் அது உட்காரும் இடத்தில் ஆயில் சம்ப் (எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) குறுக்குச் சட்டத்தில் இடிக்கும். சம்ப்பை வெட்டி ஒட்ட வேண்டும், மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும். அப்புறம் அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், ஒயரிங், பெரிய ரேடியேட்டர். ஆரம்பகால 620-இல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான்; அதை வைத்துக்கொண்டு டர்போவா? எனக்குப் பயம்.

வண்டியில் ஏற்கெனவே எல்16 எஞ்சின் இருந்தால், நான் அதே நிசான் எல் வரிசையின் எல்20பி-யைத்தான் சொல்வேன். 1,595 சிசி 1,952 ஆகிறது. அதே குடும்பம் என்பதால் பழைய கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தும். பிளாக் சுமார் 20 மில்லிமீட்டர் கூடுதல் உயரம், அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் குழாயைக் கொஞ்சம் சரிக்கட்ட வேண்டியிருக்கும். கிடைப்பதுதான் சிரமம். கிடைத்தால் வால்வு மூடியைக் கழற்றி கேம்ஷாஃப்ட்டில் வால்வைத் தள்ளும் புடைப்புகளை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கினால் விட்டுவிடுங்கள்.

காசு கொடுக்கும் முன் எஞ்சின் நம்பரைப் படம் எடுத்து, ரசீதும் சுங்க ஆவணமும் கேட்டு வாங்குங்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, புஸ்பகோம் வாகனச் சோதனை, கிரானில் (வண்டிப் பதிவு ஆவணம்) புது எஞ்சின் நம்பர் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும்.