மணி அடிப்பதற்கு முன்னும் பின்னும்: சேவை கிளப் வாராந்தரக் கூட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சேவை கிளப்பில் ஓராண்டு செயலாளராக இருந்தேன். பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாளில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஆண்டு சேர்ந்த ஆறு பேரில் நான்கு பேரின் கையெழுத்து பாதியிலேயே நின்றுபோயிருந்தது. யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை, ராஜினாமாக் கடிதமும் இல்லை. ஒருவரை ஃபோனில் அழைத்துக் கேட்டேன். முதலில் "வேலை அதிகம் சார்" என்றார். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசிய பிறகுதான் உண்மை வந்தது. "மூணு மாசம் வந்தேன் சார். நான் என்ன தொழில் பண்றேன்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

எங்கள் கிளப்பின் சேவைப் பணிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம் எல்லாம் நன்றாகவே நடந்தன. கோளாறு கூட்டத்தில் இருந்தது. அதுவும் மேடையில் மட்டும் இல்லை. கூட்டம் தொடங்க மணி அடிப்பதற்கு முந்தைய இருபது நிமிடத்திலும், முடிந்த பிறகான அரை மணியிலும்தான் அதிகம் இருந்தது. அந்த நேரத்தை நாங்கள் கூட்டத்தின் பகுதியாகவே நினைக்கவில்லை.

இத்தனைக்கும் இந்த மாதிரி கிளப்புகள் பிறந்ததே அந்த நேரத்துக்காகத்தான். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்தார். ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். சிறிய ஊரில் வளர்ந்து பெருநகரத்தில் தனியாக உணர்ந்த ஹாரிஸுக்கு வேண்டியிருந்தது பழகுவதற்கு நாலு மனிதர்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில், சுழற்சி முறையில் கூடினார்கள். சுழல்வதைக் குறிக்கும் ரோட்டரி என்ற பெயர் வந்தது அப்படித்தான். சிகாகோவில் பொதுக்கழிப்பறை அமைக்கும் வேலையை அவர்கள் கையில் எடுத்தது 1907இல். ஆக, பழக்கம் முதலில், சேவை அப்புறம். ரோட்டரியின் நோக்கங்களில் முதலாவதே, அறிமுகத்தைச் சேவைக்கான வாய்ப்பாக வளர்ப்பது என்பதுதான்.

நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். பல கிளப்புகளில் "கூட்டம் முடிந்ததும் ஃபெலோஷிப்", அதாவது கூடிப் பழகுதல், என்று அழைப்பில் போட்டிருந்தால் அதற்குச் சாப்பாடு என்று மட்டுமே பொருள். தட்டை எடுத்தோமா, சாப்பிட்டோமா, வண்டியை எடுத்தோமா என்று கிளம்பிவிடுகிறோம்.

வாசலில் நிற்பவர்

புதிதாகச் சேர்ந்தவர் பெரும்பாலும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார், ஏனென்றால் அவருக்கு நம் கிளப்பின் "நேரம்" இன்னும் தெரியாது. ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கே வந்து நிற்பார். பழையவர்கள் ஏழேகாலுக்கு மேல் ஒவ்வொருவராக வந்து, நேராகத் தங்கள் வழக்கமான நாற்காலிக்குப் போவார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் அவர் என்ன செய்வார்? சுவரில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைவர்கள் பட்டியலை இரண்டு முறை படிப்பார். பிறகு ஃபோனை எடுத்து, வராத செய்திகளைப் பார்ப்பார். யாராவது உள்ளே வரும்போது நிமிர்ந்து, பாதிச் சிரிப்போடு தயாராவார். வந்தவர் தலையசைத்துவிட்டு அவரைத் தாண்டிப் போவார். சிரிப்பு அப்படியே நின்று, மறுபடி ஃபோன்.

அவரைச் சேர்த்துவிட்ட ஸ்பான்சர் எங்கே? கையெழுத்துப் போட்ட அன்றோடு அவர் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். இதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது. முதல் இரண்டு மாதமாவது ஸ்பான்சர் அவருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். வாராவாரம் வெவ்வேறு ஆட்களோடு உட்கார வைக்க வேண்டும். வெறும் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்தால் போதாது. "இவர் பம்பு ரிப்பேர் தொழில்ல இருக்கார், உங்க அப்பாவும் அதே தொழில்தானே?" என்று பேச்சுக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டு நகர வேண்டும். ஸ்பான்சர் வர முடியாத வாரத்தில் இன்னொருவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

வாசலில் ஒருவர் நின்று வரவேற்கும் பழக்கம் பல கிளப்புகளில் உண்டு. அந்த வேலையை எப்போதும் ஒரே ஆளிடம் கொடுக்காமல் முறை வைத்து மாற்றுங்கள். அதைப் புதியவரிடமே கொடுத்துப் பாருங்கள். வருகிற எல்லோரிடமும் கைகுலுக்கிப் பெயர் கேட்க அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒரே மாலையில் அத்தனை பேரையும் தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பெயர் அட்டை அணிவதைச் சில மூத்தவர்கள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். "என்னைத் தெரியாதவங்க யாரு?" என்பார்கள். தெரியாதவர் போன வாரம்தான் சேர்ந்திருப்பார்.

இதற்கு அண்ணன்தான் நாற்காலிப் பிரச்சினை. நாலு பேர் வாரம் தவறாமல் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். நட்புதான், தப்பில்லை. ஆனால் அந்த மேசைக்கு ஐந்தாவது ஆள் வரும்போது பேச்சு நின்றால், அது கிளப்புக்குள் இன்னொரு கிளப். மாதம் ஒரு முறையாவது உள்ளே வரும்போது சீட்டு எடுக்கச் சொல்லி, விழுந்த எண்ணுள்ள மேசையில் உட்கார வைக்கலாம். முதல் தடவை முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

கூட்டத்துக்குள் போர்டு மீட்டிங்

அடுத்து மேடைக்கு வருவோம். நான் செயலாளராக இருந்தபோது நானே செய்த தவறு இது, அதனால் யார்மேலும் பழி போட வேண்டியதில்லை. போன வார நடவடிக்கைக் குறிப்பை முழுவதுமாக வாசிப்பேன். தலைமையகத்திலிருந்து வந்த கடிதங்களை வாசிப்பேன். பிறகு பொருளாளர் எழுந்து, பந்தல்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்பதிலிருந்து தொடங்குவார். யாரோ ஒருவர் "போன வருஷம் இதைவிடக் கம்மியா முடிச்சோமே" என்பார். அவ்வளவுதான், அரை மணி நேரம் போயிற்று.

கணக்கு, செலவு, பந்தல், யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் இயக்குநர் குழுவில் பேசித் தீர்க்க வேண்டியவை. வாராந்தரக் கூட்டத்துக்கு வர வேண்டியது முடிவு மட்டும்தான், அதுவும் இரண்டு வரியில். நடவடிக்கைக் குறிப்பை முதல் நாளே அனுப்பிவிட்டு, "திருத்தம் உண்டா?" என்று கேட்டால் போதும். கணக்கை மறைக்கச் சொல்லவில்லை. எழுத்தில் எல்லோர் கைக்கும் போகட்டும், சந்தேகம் இருப்பவர் பொருளாளரைத் தனியே கேட்கட்டும். தீராத விவகாரம் என்றால் அதற்கென்றே ஒரு பொதுக்குழு கூட்டுங்கள். விருந்தினர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பழைய பாக்கியைக் கிளறாதீர்கள்.

இதில் அடிபடுபவர் பேச்சாளர். எங்கள் கிளப்புக்கு ஒரு கண் மருத்துவர் வந்தார். இருபத்தைந்து நிமிடம் என்று சொல்லித்தான் அழைத்திருந்தோம். படங்களெல்லாம் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். எங்கள் அறிவிப்புகள் முடிந்து, அவரை அறிமுகப்படுத்த எழுந்தவர் அவர் படித்த பள்ளியிலிருந்து தொடங்கி, வாங்கிய பட்டங்கள் வழியாக, தனக்கும் அவருக்குமான உறவு வரை போய் முடிப்பதற்குள் மணி எட்டரை. பின்னால் பாத்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மருத்துவர் மேடையேறி, கடிகாரத்தைப் பார்த்து, லேப்டாப்பை மெதுவாக மூடினார். ஏழு நிமிடம் பேசினார். நினைவுப் பரிசு வாங்கிக்கொண்டு, ஃபோட்டோவுக்கு நின்று, சிரித்த முகமாகத்தான் போனார். அடுத்த ஆண்டு முகாமுக்கு அழைத்தபோது அவருக்கு நேரமில்லை.

பேச்சாளர் அறிமுகம் ஒரு நிமிடம். இந்த ஆள் ஏன் இன்று நம் முன்னால் நிற்கிறார் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். அவர் பேச வேண்டிய நேரத்தைக் கடிகாரத்தில் முதலில் குறித்துவிட்டு, மீதியில்தான் அறிவிப்புகள் என்று நிகழ்ச்சி நிரலைப் பின்னாலிருந்து போடுங்கள். கேள்விக்குப் பத்து நிமிடம் விடுங்கள். உறுப்பினர்கள் வாய் திறப்பதே பெரும்பாலும் அப்போதுதான். நன்றியுரை சொல்பவர் பேச்சை மறுபடி முழுக்கச் சொல்லிக்காட்ட வேண்டாம், நாமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

வெளிப் பேச்சாளர் கிடைக்காத வாரத்தை வீணான வாரமாக நினைப்பதும் தவறு. உறுப்பினர் ஒருவரே தன் தொழிலைப் பற்றிப் பேசட்டும். ஆரம்ப காலத்தில் ரோட்டரியில் ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று ஆள் சேர்த்ததே, மேசையைச் சுற்றி வெவ்வேறு உலகங்கள் உட்கார வேண்டும் என்பதால்தான். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியவருகிறது.

அபராதமும் கேலியும்

லயன்ஸ் கிளப்புகளில் டெயில் ட்விஸ்டர் என்றே ஒரு பொறுப்பு உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக வைப்பதும், சின்னச் சின்னக் காரணங்களுக்கு அபராதம் போட்டு உண்டியலை நிறைப்பதும் அவர் வேலை. வேறு கிளப்புகளில் சார்ஜன்ட் என்ற பொறுப்பில் இருப்பவர் இதைச் செய்கிறார். நல்ல ஆள் கையில் இருந்தால் கூட்டத்துக்கே உயிர் வந்துவிடும். ஆகாத ஆள் கையில் இருந்தால் போன வாரம் சிரித்தவர் இந்த வாரம் வர மாட்டார்.

எங்கே தவறுகிறது என்றால், கேலி ஒருவருடைய உடம்பையோ, வீட்டையோ, வருமானத்தையோ தொடும்போது. தாமதமாக வந்ததற்கு அபராதம் போடலாம், கிளப் பேட்ஜ் அணியாததற்குப் போடலாம். புது வண்டி வாங்கியதற்குப் போட்டால் அவரே சிரித்துக்கொண்டு கொடுப்பார். வேலை போன ஒருவரிடம் அதே விளையாட்டு செல்லாது. எல்லோராலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடிய சிறு தொகைக்கு மேல் அபராதம் போகக் கூடாது. ஒரே ஆளையே வாராவாரம் பிடிப்பதும் கூடாது. சிரிக்கத் தெரிந்தவர் என்று நாம் நினைப்பவருக்கும் ஒரு நாள் அலுத்துவிடும்.

வியாபாரம் பற்றியும் ஒரு வார்த்தை. பழக்கத்தால் தொழில் வருவது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதியவர் உட்கார்ந்ததும் காப்பீட்டுத் திட்டத்தை விரித்தால், அடுத்த வாரம் அவர் வேறு மேசை தேடுவார், அல்லது வராமலே இருந்துவிடுவார். அரசியலும் மதமும் இதே வகைதான்.

வருகைக் கணக்கு

நெடுங்காலம் ரோட்டரியில் வாராவாரம் கூடுவதுதான் விதி. வர முடியாதவர் வேறு கிளப் கூட்டத்துக்குப் போய் மேக்-அப் செய்துகொள்ளலாம், அதாவது விட்ட வருகையை ஈடுகட்டலாம். 2016இல் விதிகளைத் தளர்த்தி, மாதம் இரண்டு முறையாவது கூடினால் போதும், எப்படிக் கூடுவது என்பதை கிளப்பே முடிவு செய்யலாம் என்று விட்டார்கள். லயன்ஸ் கிளப்புகள் பலவும் மாதம் இரண்டு முறைதான் கூடுகின்றன. அதனால் "வாரம் ஒரு முறை கூடினால்தான் உண்மையான கிளப்" என்று பிடிவாதம் பிடித்து, காலி நாற்காலிகளுக்கு மணி அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறைத்தாலும் கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். இந்த வாரம் செவ்வாய், அடுத்த வாரம் வியாழன் என்றால் பழக்கமே படியாது.

வராதவரைக் கையாளும் விதத்தில்தான் இன்னொரு கோளாறு. மூன்று வாரம் வராதவருக்கு விதி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மெசேஜ் போகும், அதுவும் சில இடங்களில் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். இரண்டாவது வாரமே யாராவது ஒருவர், பதவியில் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது, ஃபோன் செய்து "என்ன ஆச்சு, ஆளையே காணோம்?" என்று கேட்டிருக்கலாம். பதிவேட்டைப் பார்த்து அழைப்பவரின் குரல் வேறு, ஆளை நினைத்து அழைப்பவரின் குரல் வேறு. எடுத்த உடனே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு அறிவிப்புக்கு நல்லது. ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்ட நேர மாற்றம் புதைந்துபோனதால் இரண்டு பேர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய கதை எங்கள் கிளப்பில் உண்டு. அறிவிப்புக்கு மட்டும் ஒரு தனிக் குழு வையுங்கள், விஷயம் முடிந்தது.

கடைசியாக, அரங்கைப் பற்றி. கூட்டம் ஒன்பதுக்கு முடியும் என்றால் நாங்கள் ஒன்பது வரைக்கும்தான் எடுப்போம். மணி அடித்த கையோடு வாட்ச்மேன் விளக்கை அணைக்க ஆரம்பிப்பார். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். எனக்கு அடுத்து வந்த செயலாளர் ஒரே ஒரு மாற்றம் செய்தார். ஒன்பதரை வரை அரங்கை எடுத்தார், அந்த அரை மணிக்கு நிகழ்ச்சி நிரலில் எதுவும் போடவில்லை. முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் கிளம்பிப் போனார்கள். மூன்றாவது வாரம் வாட்ச்மேன் வந்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.