ஏரிக்கரைப் புதர்: தீ பரவாமலும் பறவை போகாமலும் பராமரிப்பது

வடசென்னையில் காடு என்று வேலிபோட்டுக் காட்டக்கூடிய இடம் அதிகமில்லை. மாதவரம், ரெட்டேரி, புழல் கரைகளில் கோரையும், ஆளுயரம் வளரும் நீர்ப்புல்லான சம்பும். மணலி, சடையங்குப்பம் பக்கம் வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம், புதர். எண்ணூர் தாண்டிக் காட்டுப்பள்ளி மணலில் சவுக்கும் பனையும். மாசி முடிந்து ஏரி வற்றத் தொடங்கியதும் எரிவது இவைதான். கீரி, உடும்பு, கௌதாரி, தாழைக்கோழி எல்லாம் ஒண்டியிருப்பதும் இவற்றில்தான்.

ஒருமுறை தீப்பிடித்துவிட்டால் ஜேசிபியை விட்டு மொத்தத்தையும் வழித்துவிடச் சொல்வது வழக்கம். அதைவிட மோசமான வேலை இல்லை. நிழல் போன மண்ணில் அடுத்த மழைக்கு இடுப்புயரப் புல்லும் பார்த்தீனியமும் கிளம்பும். புதரைவிடப் புல் வேகமாகக் காயும், வேகமாக எரியும். வழித்த இடம் இரண்டாம் கோடையில் முன்பைவிட மோசமாகப் பற்றுவது இதனால்தான். அகற்ற வேண்டியது புதரை அல்ல. ஒரு புதரிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவ உதவும் தொடர்ச்சியை.

சுமார் 6 மி.மீ.க்கு மெல்லிய எதுவும், அதாவது புல், சருகு, மெல்லிய குச்சி, வெயிலும் காற்றும் பட்டால் ஒரு மணி நேர அளவில் காய்ந்து பற்றத் தயாராகிவிடும். தொடை தடிமன் கட்டை அப்படியில்லை. எனவே கையை மெல்லியதில் வையுங்கள். விழுந்து கிடக்கும் பருத்த கட்டையைத் தொடாதீர்கள். அரணைக்கும் வண்டுக்கும் தேளுக்கும் அதுதான் வீடு.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். ஏரி பெரும்பாலும் நீர்வளத்துறையுடையது, புறம்போக்கு வருவாய்த்துறையுடையது, தெருவோரம் மாநகராட்சியுடையது. எங்கே, எவ்வளவு அகலம், எந்த வாரம் என்று ஒரு கைவரைபடத்துடன் மனுக் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக் கண்டல் மரத்தைத் தொடவே வேண்டாம். ஈரச் சேற்றில் நிற்பது, தீ அபாயம் அங்கே இல்லை. மணலி–எண்ணூர் இடையில் பூமிக்கடியில் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் ஓடுகின்றன. அடையாளக் கல்லோ பலகையோ தெரியும் இடத்தில் கடப்பாரை போடாதீர்கள். அங்கே அரிவாள் வேலை மட்டும். எரித்துச் சுத்தம் செய்வது வனத்துறை தன் காப்புக்காட்டில் ஆள், கருவி வைத்துச் செய்யும் காரியம். குடியிருப்போரமாக யாரும் முயலக்கூடாது.

வேலைக்கு ஏற்ற காலம் பொங்கல் முடிந்து மாசிக் கடைசி வரை. அதற்கு முன் மண் சேறாக இருக்கும், வெட்டியது மீண்டும் துளிர்க்கும். பங்குனியில் ஆள்காட்டியும் கௌதாரியும் தரையில் முட்டையிடத் தொடங்கிவிடும். காய்ந்த புல்லில் இயந்திரம் ஓட்டுவதும் ஆபத்து. புல்வெட்டும் இயந்திரத்தின் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே சிலசமயம் தீக்குக் காரணம். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள், கல் கிடக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதில் நைலான் கயிறு போடுங்கள், பெட்ரோல் ஊற்றுமுன் பத்து நிமிடம் ஆறவிட்டு வெறுந்தரையில் வைத்து ஊற்றுங்கள். கண்ணாடி விரியன் இருக்கும் மண் இது. முழங்கால் உயர பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், கை வைக்குமுன் கம்பால் தட்டுங்கள். கடித்தால் கட்டுப்போட்டு இறுக்குவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக ஸ்டான்லி மருத்துவமனைக்கு.

தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாவாதபடி புல்லும் சருகும் குறைத்த பட்டை, எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதில்தான் பாதி வெற்றி. சென்னைக் கோடையில் காலையில் மேற்கிலிருந்து அனல்காற்று அடிக்கும், மதியத்துக்குப் பின் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து கடற்காற்று திரும்பும். தீ ஓடுவது இந்த இரண்டில் ஒன்றோடு. ஆகவே வடக்கு–தெற்காக ஓடும் கோடு இரண்டு காற்றையும் குறுக்கே மறிக்கும். கிழக்கு–மேற்குக் கோடு பாதி வீண். கூலிக்குப் பணம் குறைவென்றால் வடக்கு–தெற்குக் கோட்டை மட்டும் போடுங்கள். முழங்கால் உயரப் புல்லுக்கு மூன்று மீட்டர் அகலம் போதும். ஆளுயரச் சம்புக்கும் அடர்ந்த புதருக்கும் ஐந்து, ஆறு மீட்டர். கோட்டின் நடுவில் ஒரு மீட்டருக்கு வாரியால் சருகை இழுத்து மண் தெரியச் செய்யுங்கள். இருபுறமும் புல்லைக் கணுக்கால் உயரத்துக்கு அறுத்து வேரை விட்டுவிடுங்கள். முழுவதும் கொத்தினால் மணல் பறக்கும், கரை அரிக்கும். ஏற்கெனவே இருக்கும் ஒற்றையடிப் பாதை, கால்வாய், மாட்டுத்தடம் இவற்றோடு கோட்டைச் சேர்த்தால் வேலை பாதியாகும். பங்குனியிலும் வைகாசியிலும் ஒருமுறை சருகை மீண்டும் வாரி எடுங்கள். சருகு விழுந்து மூடிய கோடு கோடே அல்ல.

எல்லாரும் செய்யும் தவறு இது: வெட்டியதை அங்கேயே போட்டுவிட்டுப் போவது. நின்றுகொண்டிருந்த பச்சைச் செடி ஒரு வாரத்தில் காய்ந்த விறகாகக் கோட்டின் மேலேயே கிடக்கும். அன்றன்றைக்கே தூக்குங்கள். பருமனானதை விறகுக்கும், புல்லையும் சம்பையும் மாட்டுக் கொட்டகைக்கும் மூடாக்குக்கும் கொடுத்துவிடலாம். மீந்ததில் ஏக்கருக்கு இரண்டு குவியல் மட்டும் விலங்குகளுக்காக விடலாம்: அடியில் தடித்த கட்டைகளைக் குறுக்கும்நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே கிளை போட்டு, இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். கோட்டிலிருந்தும் மரத்தடியிலிருந்தும் பதினைந்து மீட்டராவது தள்ளி, சுற்றிலும் மூன்று மீட்டர் வெறுந்தரை. இதைவிடப் பெரிதாகக் கட்டினால் அது கீரிக்கு வீடல்ல, தீக்குத் தீனி.

வேலிகாத்தானைத் தரையோடு வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மொட்டுகள் மண்ணுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. விரல் தடிமன் கன்றை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். கை தடிமன் இருந்தால் சுற்றிலும் ஒரு முழம் பறித்து, மண்ணுக்குக் கீழே 15–20 செ.மீ.யில் வேரை வெட்டுங்கள். பெரிய மரத்தை உடனே சாய்க்காதீர்கள். பல தண்டுகளில் ஒன்றை மட்டும் நிறுத்தி, இரண்டு மீட்டர் உயரம் வரை கிளைகளைக் கழியுங்கள்; தரையில் எரியும் புல் உச்சிக்கு ஏற ஏணி இல்லாமல் போகும், நிழலும் மிஞ்சும். அந்த நிழலில் வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் நட்டு, அவை தலையெடுத்தபின் பழையதை எடுங்கள். காய் பழுக்குமுன் வெட்டுவது நல்லது. ஆடு தின்ற காயின் விதை சாணத்தில் முளைக்கும். பழுத்த காலத்தில் ஆட்டை அங்கே மேய்த்து, நட்ட இடத்துக்கு ஓட்டி வந்தால் எடுத்த வேலை போச்சு. தண்ணீருக்குள் நிற்கும் மரத்தில் கொக்கோ நீர்க்காகமோ கூடு வைத்திருந்தால் குஞ்சுகள் பறக்கும் வரை கிட்டேயே போகாதீர்கள்.

சம்பு விஷயம் வேறு. நிரந்தரமாகக் குறைக்க வேண்டும் என்றால் நீர் நிற்கும்போதே மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுக்க வேண்டும். தண்டு வழியாகக் காற்று போகாமல் கிழங்கு அழுகும், இரண்டு மூன்று முறை செய்தால்தான். தீக்காக என்றால் அவ்வளவு தேவையில்லை. சாலைப் பக்கம் காய்ந்து நிற்கும் வெளிவிளிம்பை மட்டும் அறுத்து, நீரையொட்டிய பகுதியை அப்படியே விடுங்கள். தாழைக்கோழியும் தூக்கணாங்குருவியும் கேட்பது அதைத்தான். மொத்தப் பரப்பை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்குக்கு மேல் கை வைக்காமல் இருந்தால் எந்த ஆண்டும் மறைவிடம் தீர்ந்துபோகாது.

சவுக்குத் தோப்பில் சருகு மெத்தையாகச் சேரும், மெதுவாகத்தான் மட்கும். கோட்டில் அதை முழுக்க வாரி எடுங்கள். மற்ற இடத்தில் மணலைப் பிடிக்க இரண்டு விரல் கனம் இருக்கட்டும். பனையில் பாவாடைபோலத் தொங்கும் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, தீயை நேரே கொண்டைக்கு ஏற்றும். ஆனால் பனை உழவாரன் குருவி கூட்டை ஒட்டுவது பனையோலையில்தான், வௌவாலும் காவோலை இடுக்கில் பதுங்கும். கோட்டுக்கும் வீட்டுக்கும் பத்து மீட்டருக்குள் நிற்கும் பனைகளில் மட்டும் காவோலை கழித்துவிட்டு, உள்ளே நிற்பவற்றைச் சுற்றித் தரைப்புல்லை மட்டும் ஒரு வட்டமாக அறுத்தால் இரண்டு பக்கமும் நியாயம்.

தீ தானாக வருவதில்லை. போகி, பீடி, குப்பைக் கொளுத்தல், செம்புக்காகக் கரையோரம் வயர் எரிப்பது, மின்மாற்றியிலிருந்து உதிரும் பொறி: இந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, மின்மாற்றிக்கு அடியிலும் குப்பை கொட்டும் மூலையிலும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

பற்றிவிட்டால் முதலில் 101 அல்லது 112. சுடர் முழங்காலுக்குக் கீழ் இருந்து, திரும்பிப்போகத் திறந்த வழியும் இருந்தால் மட்டுமே, எரிந்து கருகிய பக்கம் நின்று பச்சைப் பூவரசுக் கிளையால் அமுக்குங்கள். ஓங்கி அடித்தால் பொறி சிதறும். இடுப்புயரச் சுடரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடற்காற்று திரும்பும் மதியத்தில் தீயின் முகமும் சட்டென்று திரும்பும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது காய்ந்த புல்லில் ஓடிய தீயில் சிக்கித்தான்.

சுடர் அடங்கியதும் வேலை முடிவதில்லை. பனந்தூரும் சவுக்கு வேரும் நாள்கணக்கில் உள்ளே கனலும். குப்பை மேட்டின் மேல் வளர்ந்த புதரானால் இன்னும் அதிகம். கிளறி நீர் ஊற்றி, மீண்டும் கிளறுங்கள். புறங்கையை அருகே கொண்டுபோனாலும் சூடு தெரியாமல் போகும் வரை விடாதீர்கள். இரண்டு நாள் காலை மாலை பாருங்கள். எரிந்து நிற்கும் மரத்தைப் பாதையில் சாயும் நிலையில் இருந்தால் மட்டும் எடுங்கள். மரங்கொத்தியும் ஆந்தையும் பொந்துக்கு அதைத்தான் தேடும். கன்று நடுவது ஐப்பசி மழைக்குப் பிறகு.