தள்ளுபடியில் ப்ளகின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு அறையிலேயே ஸ்டுடியோ வைத்து வேலை செய்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது நிறைய. முத்தியால்பேட்டையில் குறும்படத்துக்குப் பின்னணி இசை போடுகிறார்கள், திருப்பாதிரிப்புலியூரில் அம்மன் பாட்டு பதிவு செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாடற்குழுக்கள் வந்துவிடுகின்றன. பாட்டு பதிவு செய்யும் மென்பொருளுக்குள் சேர்த்துப் பயன்படுத்தும் சிறு மென்பொருள்தான் ப்ளகின். அதை வாங்க இவர்களில் பலர் வருடம் முழுக்க நவம்பருக்காகக் காத்திருப்பார்கள். அந்த மாதத்தின் நான்காவது வியாழனுக்கு மறுநாள் பிளாக் ஃபிரைடே என்ற தள்ளுபடி நாள். ஓரிருவர் மட்டும் நடத்தும் சின்ன நிறுவனங்களின் ப்ளகின்கள்கூட பாதி விலைக்கும் கீழே இறங்கும். அந்த அவசரத்தில் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிடுவதிலிருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் கிளைக்கின்றன.

பணம் கட்டியதும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி, அதாவது லைசன்ஸ். எத்தனை கணினியில் போடலாம், யார் பெயரில் இருக்கும், எந்த வெர்ஷன் வரை செல்லும், பிறகு வேறொருவருக்கு விற்கலாமா என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். வில்லங்கம் பார்க்காமல் யாரும் மனைக்கு முன்பணம் கொடுப்பதில்லை. இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். சின்ன டெவலப்பர்களின் லைசன்ஸ் பக்கம் பெரும்பாலும் ஒரே பக்கம்தான்.

அதற்கும் முன்னால் டெமோவைப் போட்டுப் பாருங்கள். டெமோ தராத சின்ன டெவலப்பர் அபூர்வம். நடுநடுவே சத்தம் நின்றுபோகும் அல்லது சேவ் செய்ய முடியாது, அவ்வளவுதான். உங்கள் லேப்டாப் அதைத் தாங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். ப்ளகினின் வடிவம் உங்கள் பதிவு மென்பொருளுக்குப் பொருந்த வேண்டும்: லாஜிக் வைத்திருப்பவருக்கு ஏயு வடிவம் வேண்டும், புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும். பல சின்ன ப்ளகின்களுக்கு ஏஏஎக்ஸ் கிடையாது. பழைய 32 பிட் ப்ளகின் என்றால் 2019-இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினா முதல் வேலை செய்யாது. இன்னொரு பொறி, கான்டாக்ட் என்ற மென்பொருளில் திறந்து வாசிக்கும் ஒலித் தொகுப்புகளான லைப்ரரிகள். சின்ன டெவலப்பர்கள் விற்கும் லைப்ரரிகளில் பலவற்றுக்கு, காசு கொடுத்து வாங்கும் முழு கான்டாக்ட் வேண்டும். இலவச பிளேயரில் திறந்தால் 15 நிமிடத்தில் டெமோ முடிந்துவிடும். மலிவாக ஒரு நாதஸ்வர லைப்ரரி கிடைத்தது என்று வாங்கிவிட்டு, அதை ஓட்ட அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மென்பொருள் தேவை என்று பிறகு அறிந்துகொள்வது வீண் வேதனை. ப்ளகினைத் திறக்கும் எண்ணான கீ கைக்கு வந்துவிட்டால் பணம் திரும்பக் கிடைப்பது கடினம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் தெரியும் டாலர் தொகையோடு கணக்கு முடிவதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கும் மென்பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, பெரிய கடைகள் அதை பில்லில் சேர்ப்பார்கள். வங்கி தன் பங்குக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்கும், பல கார்டுகளில் அது 2 முதல் 3.5 சதவீதம். புது கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களே ஆன் செய்ய வேண்டும். 2020 மார்ச் முதல் ரிசர்வ் வங்கியின் விதி அது. சலுகை முடியும் கடைசி ராத்திரியில் இதோடு மல்லுக்கட்டக் கூடாது. எல்லோரும் நவம்பரில் விலை குறைப்பார்கள் என்று காத்திருப்பதும் சரியல்ல. வல்ஹல்லா டிஎஸ்பி என்ற ப்ளகின் நிறுவனம் தள்ளுபடியே தருவதில்லை, அவர்களின் கட்டண ப்ளகின்கள் வருடம் முழுவதும் 50 டாலர்தான். ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் 60 டாலருக்குக் கிடைக்கிறது என்றால் அது பருவச் சலுகை அல்ல. சொந்த உபயோகத்துக்கும், வருட வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் உள்ள லைசன்ஸ் அது. ஸ்டுடியோ அதற்கு மேல் சம்பாதித்தால் 225 டாலர் லைசன்ஸ் எடுக்க வேண்டும்.

யார் பெயரில், எந்த மெயிலில் வாங்குகிறீர்கள் என்பதை நம் ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஸ்டுடியோ போடுவார்கள், ஒருவரின் மெயிலில் எல்லா ப்ளகினும் வாங்குவார்கள். அவர் சென்னைக்குப் போய்விட்டால் மெயிலும் போச்சு, லைசன்ஸும் போச்சு. சின்ன டெவலப்பர்களின் லைசன்ஸ் பெரும்பாலும் ஒரு நபருக்கானது. அவருடைய இரண்டு மூன்று கணினிகளில் போட அனுமதிப்பார்கள், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் உபயோகிக்க அனுமதிப்பதில்லை. ஸ்டுடியோ பெயரில் வாங்கலாமா என்று டெவலப்பரிடம் மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் எழுதுபவர் அநேகமாக அந்த ப்ளகினை உருவாக்கியவராகவே இருப்பார்.

இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்குப் புயல் ஒரு கூடுதல் கவலை. 2024-இல் பிளாக் ஃபிரைடே நவம்பர் 29. மறுநாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. தண்ணீரில் கணினி போனால் அதில் போட்டிருந்த ஆக்டிவேஷன்களும், அதாவது அந்தக் கணினிக்கென்று பதிவான அனுமதிகளும், அதிலேயே மாட்டிக்கொள்ளும். பெரிய நிறுவனம் என்றால் உங்கள் கணக்குப் பக்கத்தில் பழைய கணினியை நீக்கிவிடலாம். சின்ன டெவலப்பரிடம் மெயில் போட்டுத்தான் கேட்க வேண்டும், அப்போது பில்லும் ஆர்டர் எண்ணும் கையில் இருந்தால் ஒரே நாளில் முடியும். அதனால் வாங்கிய அன்றே இன்ஸ்டாலர், சீரியல் நம்பர், லைசன்ஸ் ஃபைல், பில் நான்கையும் ஒரு வெளி டிரைவிலும் ஆன்லைனிலும் வையுங்கள்.

இன்ஸ்டாலரைச் சேமிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சின்ன நிறுவனங்கள் திடீரென்று மூடும், அல்லது விற்கப்படும். ஆல்கெமி என்ற அருமையான சிந்தசைசரைச் செய்த கேமல் ஆடியோ 2015 ஜனவரியில் கடையை மூடியது. ஆப்பிள் வாங்கிவிட்டது, அதே வருடம் ஆல்கெமி லாஜிக்குக்குள் வந்தது. விண்டோஸில் அதை வைத்திருந்தவர்களுக்குப் புது வெர்ஷன் வரவே இல்லை. பழைய ஃபைலை பத்திரமாக வைத்தவர்கள்தான் தொடர்ந்து வாசித்தார்கள். ‘வாழ்நாள் லைசன்ஸ்’ என்பது அந்த வெர்ஷனைப் பயன்படுத்தும் உரிமை. டெவலப்பர் வாழ்நாள் முழுக்க அப்டேட் தருவார் என்று அதற்குப் பொருள் கிடையாது.

அப்புறம் டெலிகிராம் குழுக்களில் சில நூறு ரூபாய்க்கு ‘முழு பேக்’ விற்பவர்கள். அதில் இருப்பது கிராக். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனக்கு சட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. தனி ஆளாக உட்கார்ந்து எதிரொலி சேர்க்கும் ஒரு ரிவெர்ப் ப்ளகினை வருடக்கணக்கில் செதுக்கியவருக்கு அந்த விற்பனைதான் சம்பளம். நம் பாட்டை யாராவது எடுத்து விற்றால் நமக்கு எப்படி வலிக்கும்? கிராக் இல்லாமல் அசல் கீயே மலிவாக விற்கும் அறிமுகமற்ற தளங்களிலும் கவனம் வேண்டும். திருடிய கார்டில் வாங்கிய கீயாக இருந்தால், கார்டுக்காரர் பணத்தைத் திரும்பப் பெற்றதும் டெவலப்பர் அந்தக் கீயை முடக்கிவிடுவார். கடைசியாகக் காசு கொடுத்தவருக்குத்தான் நஷ்டம்.

மறுவிற்பனையில்தான் மனஸ்தாபங்கள் அதிகம். பயன்படுத்திய மென்பொருள் லைசன்ஸை விற்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் யூஸ்ட்சாஃப்ட் வழக்கில் சொன்னது. அமெரிக்காவில் 2010-இல் ஆட்டோடெஸ்க் வழக்கின் தீர்ப்பு, லைசன்ஸ் நிபந்தனைக்கே முன்னுரிமை தந்தது. நம் கையில் இருக்கும் ப்ளகினைப் பொறுத்தவரை நடைமுறையில் டெவலப்பரின் சர்வர்தான் முடிவு செய்கிறது. அவர் பெயர் மாற்றித் தந்தால் விற்பனை, தராவிட்டால் வெறும் சீரியல் நம்பர்.

எனவே விளம்பரம் போடுமுன் டெவலப்பருக்கு எழுதுங்கள். மாணவர் விலையில் வாங்கியது, மறுவிற்பனைக்கல்ல என்று குறித்துக் கொடுத்தது, இலவசமாகக் கிடைத்தது ஆகியவற்றைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. கட்டாக வாங்கியதில் ஒன்றை மட்டும் பிரித்து விற்கப் பலர் விடுவதில்லை. அப்கிரேடு செய்திருந்தால் பழைய வெர்ஷனும் சேர்ந்தே போக வேண்டும். சாம்பிள் லைப்ரரிகளை அநேகமாக மறந்துவிடலாம். அந்த ஒலிகளை உங்கள் பாட்டுகளில் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பீர்கள் என்பதால் பல டெவலப்பர்கள் அனுமதி மறுக்கிறார்கள். லைசன்ஸ்களைச் சேமித்து வைக்கும் ஐலாக் சேவையின் கணக்கில் இருப்பதை மாற்றக் கட்டணம் உண்டு, அதை யார் தருவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மலிவான ப்ளகினுக்கு அந்தக் கட்டணமே விலையை விழுங்கிவிடும்.

உள்ளூர் ஆளிடம் வாங்கினாலும் சீரியல் நம்பரை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு யுபிஐயில் பணம் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயருக்கு மாறியது என்று டெவலப்பரிடமிருந்தே மெயில் வரட்டும். தொகை பெரிதென்றால் பாதி முன்னால், பாதி அந்த மெயில் வந்த பிறகு. விற்பவர் ப்ளகினைத் தன் கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டும். வெளிநாட்டவருக்கு விற்கும்போது, ‘நண்பருக்கு அனுப்புவதாக’ பேபாலில் போடுகிறேன் என்று அவர் சொன்னால், இந்தியக் கணக்குக்கு அந்த வசதி கிடையாது என்று விளக்கிவிடுங்கள். விற்பனைத் தொகையாகத்தான் வரும், கட்டணம் பிடிக்கும், ரூபாயாக மாறி வங்கிக்குப் போய்விடும். அதையெல்லாம் கழித்துக் கையில் நிற்பது எவ்வளவு, போன நவம்பரில் டெவலப்பரே எந்த விலைக்குத் தந்தார் என்று பார்த்துவிட்டு உங்கள் விலையைச் சொல்லுங்கள்.