வெடிக்கு நடுங்கும் நாயைத் தடைக்காலத்திலேயே பழக்குங்கள்

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் யாராவது வந்து, "அக்கா, நாய் கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்கிட்டு வர மாட்டேங்குது, என்ன செய்ய?" என்று கேட்டால், "வராட்டி விடு, படுத்திருக்கட்டும்" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பழக்குவதற்கான காலம் அதுவல்ல. எங்கள் பாம்பன் பக்கம் அதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் ஆள் இருக்கும். பட்டறையில் படகு தட்டுகிற சத்தத்தைத் தவிர ஊரும் அமைதி.

செய்ய வேண்டியது இதுதான். சரவெடிச் சத்தத்தைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். உப்புப் போடாமல் அவித்த நெத்திலி கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள் (கருவாடு வேண்டாம், அந்த உப்பு நாய்க்கு ஆகாது). போனை அடுப்படியில் வைத்து, காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் சத்தத்தைப் போடுங்கள். சத்தம் கேட்ட பிறகுதான் மீன். முதலில் மீனைக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால், மீனைக் கண்டாலே சந்தேகப்பட ஆரம்பித்துவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எங்கள் செவலைக்குப் பயம் வந்தால் முதலில் காது பின்னால் ஒட்டும், அப்புறம் நாக்கால் மூக்கை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். நடுக்கமும் எச்சில் வடிதலும் அதற்குப் பிறகுதான். காது ஒட்டினாலே சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம், குறைத்துவிடுங்கள். நிம்மதியாக மீனைத் தின்றால் அடுத்த சில நாளில் ஒரு புள்ளி கூட்டலாம். அவசரம் கூடாது, வாரக்கணக்கில் ஆகும். போனில் வெடியின் அடித்தொண்டைச் சத்தம் வராது. அதனால் கடைசிக் கட்டத்தில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுப் பழக்க வேண்டும், அதையும் மறுபடி அடியிலிருந்து தொடங்கி.

உச்சிப்புளியில் என் தங்கை வீட்டு நாய், பருந்து கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனாலும் திரும்பிப் பார்க்காது. அதே நாய் ஒரு லட்சுமி வெடிக்கு உரலுக்குப் பின்னால் ஓடும். ஹெலிகாப்டர் தூரத்திலிருந்து மெல்ல வந்து மெல்லப் போகிறது, அதுவும் அடிக்கடி. வெடி சொல்லாமல் வருகிறது. மெல்ல மெல்லக் கூட்டச் சொல்வது இதனால்தான்.

இடி வேறு கதை. ஐப்பசி, கார்த்திகையில் காற்று மாறும்போதே, வானம் இருட்டும்போதே செவலை எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். சத்தத்தை மட்டும் பழக்கினால் இதற்குப் போதாது. தகரக் கொட்டகையில் கட்டாமல் உள்ளறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தி, லைட்டையும் ஃபேனையும் போட்டு வையுங்கள். மூலையில் பழைய சேலையும் சாக்கும் விரித்து, நல்ல நாளிலேயே அங்கே படுத்துப் பழகவிட வேண்டும். பழைய வலையை மட்டும் விரிக்காதீர்கள், மிரண்டால் கால் சிக்கும்.

தீபாவளியன்று வெடிக்க அனுமதித்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்றாலும் தெருவில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? மதியம் சந்தடி குறைந்த நேரத்தில், கயிறு பிடித்தே வெளியே கூட்டிப்போய் வாருங்கள். இருட்டுவதற்கு முன் சோறு வைத்துவிடுங்கள். சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள், மிரண்டு சுவர் தாண்டினால் கழுத்து இறுகும். பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும். ஓடிப்போன நாய் கரையோடு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல முடியாது.

தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். அது தப்பு. மடிக்கு வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், ஒளிந்தால் இழுக்காதீர்கள். அதட்டவே கூடாது, மிரண்ட நாய் வீட்டாளையும் கடிக்கும்.

சோறு தண்ணி விட்டு நடுங்குகிற நாய் என்றால் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பயத்தைக் குறைக்கிற மாத்திரை இருக்கிறது. சில மருந்து உடம்பை மட்டும் தளர்த்தும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். எது என்று கேட்டு வாங்குங்கள். வயசான நாய் புதிதாகப் பயந்தால் எங்காவது வலி இருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நாம் போடுகிற பாராசிட்டமால், இபுபுரூஃபன் நாய்க்கு விஷம். ஒரு மூடி பிராந்தி ஊற்றினால் தூங்கிவிடும் என்கிற கரை வைத்தியர்கள் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள்.

மறுநாள் வாசலில் கிடக்கும் வெடிக்குப்பையைக் கூட்டி அள்ளிய பிறகு நாயை வெளியே விடுங்கள். வெடிக்காமல் கிடக்கும் மருந்தை நக்கினால் வாந்தியும் பேதியும் வரும்.