நெல்லைப் பக்கம் வர்றீங்களா, பெயிண்ட் பாக்ஸையும் எடுத்து வைங்க

வெளிநாட்டுலேர்ந்து லீவுக்கு வர்றவங்க குத்தாலத்துல குளிச்சு, நெல்லையப்பரப் பாத்து, அல்வாவ வாங்கிட்டு கிளம்பிடுறாங்க. ஆனா செடி கொடி வரையுற கிறுக்கு உள்ளவங்களுக்கு இந்தச் சீமையில வேற ஜோலி இருக்கு.

1830கள்ல பாளையங்கோட்டையில பட்டாளத்து டாக்டரா இருந்த ராபர்ட் வைட்ங்கிற ஸ்காட்லாந்துக்காரரு குத்தாலத்துல செடி சேகரிச்சாரு, அவருக்கு வரைஞ்சு குடுத்தது தென்னிந்திய ஓவியருங்க, முதல்ல ரங்கையா, அப்புறம் கோவிந்து. 1838லேர்ந்து 1853 வரைக்கும் 6 வால்யூமா வந்த வைட்டோட 'ஐகோன்ஸ்'ங்கிற செடிப் படப் புத்தகத்துல 2,100 படத்துக்கு மேல இருக்கு. ஒரு ஆர்க்கிடுக்கு 'கோவிந்தூயியா'ன்னு ஓவியர் பேரையே வச்சாரு, அந்தப் பேரு நிக்கல, இப்ப அது டிராபிடியாங்கிற இன்னொரு ஆர்க்கிட் பேரினத்தோட சேந்து போச்சு. அவங்க வரைஞ்ச ஒரிஜினல் நிறைய எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன்ல இருக்கு. அதனால பிரிட்டன்ல இருக்கவங்க ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க மெயில் போட்டு கேட்டுப் பாருங்க. மத்தவங்க பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரிங்கிற ஆன்லைன் நூலகத்துல புத்தகத்த ஃப்ரீயா டவுன்லோட் பண்ணி போன்ல வச்சுக்கோங்க. படம் கப்பலேறிப் போச்சு, செடி இங்கதான் நிக்குது, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறதுதான் சுகம்.

ராஜா வரையச் சொன்னதப் பாக்கணும்னா தஞ்சாவூர்ல இறங்கிட்டு வாங்க, ரெண்டாம் சரபோஜி (1798–1832) செடி, பறவை, மிருகம்னு எல்லாத்தையும் வரைய வச்ச மனுசன், சரஸ்வதி மகால் மியூசியத்த விட்டுடாதீங்க. நம்ம பக்கம் பழைய ஓவியம்னா கோயில்லதான். குத்தாலம் சித்திர சபையில நடராஜரே சுவத்துல படமாத்தான் இருக்காரு, சிலை கிடையாது. வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ள மாடி மாடியா சுவர் ஓவியமும் மரச் சிற்பமும் இருக்கு, ஆனா மேல ஏற அனுமதி வேணும், கோயில் ஆபீஸ்ல முன்னாடியே பேசிட்டுப் போங்க, "தூரத்துலேர்ந்து வாரோம் அண்ணாச்சி"ன்னு பணிவா கேட்டுப் பாருங்க.

எப்ப வரலாம்? ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் சாரல் சீசன், மலை பச்சையா கண்ணுக்கு குளுமையா இருக்கும், ஆனா வாட்டர்கலர்காரனுக்கு அது சோதனைக் காலம், ஒரு வாஷ், அதான் தண்ணியா ஒரு கலர் பூச்சு, போட்டா காயவே காயாது, அடுத்த கலர் மேல ஏறி கலங்கிடும். அதனால அருவிகிட்ட பென்சிலோட நிறுத்திட்டு கலர ரூம்ல ஃபேனுக்கு கீழ போடுங்க. 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர அங்கிருந்தே கொண்டாந்துடுங்க.

என்னைக் கேட்டா சாரல விட கார்த்திகை மாசம் மேல். வேலி ஓரத்துல செங்காந்தள், அதான் கார்த்திகைப் பூ, பூத்துக் கிடக்கும். இதழ் ஓரம் நெளிநெளியா, அடியில மஞ்சளும் நுனியில செவப்புமா இருக்கும், இலை நுனி சுருண்டு வேலிக் கம்பியப் புடிச்சுக்கும், சூலகத் தண்டு மட்டும் பக்கவாட்டுல சடார்னு மடங்கி நிக்கும், அந்த மடிப்ப சரியா போட்டாலே படத்துக்கு உசிர் வந்துடும். அந்தக் காலத்துச் செடிப் புத்தகப் படம் மாதிரி மேல முழுக் கொடியும் கீழ பூவோட உறுப்புகள தனித்தனியா பெருசாவும் போடுங்க. ஆனா ஒண்ணு, செடி முழுக்க விஷம், கிழங்குல ரொம்ப ஜாஸ்தி. பிரஷ் நுனிய வாயில வச்சுக் கூராக்குற பழக்கம் இருந்தா அன்னைக்கு விட்டுடுங்க, கையையும் நல்லா கழுவுங்க.

பாபநாசத்துக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், செக்போஸ்ட்ல நேரத்தக் கேட்டுட்டு ஏறுங்க, உள்ள எதையும் பறிக்காதீங்க. காட்டுக்குப் போக நேரமில்லன்னா பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரில உலர்தாவரத் தொகுப்பு இருக்கு, லெட்டர் போட்டு அனுமதி வாங்கிட்டுப் போங்க. விதை, கிழங்கு, காஞ்ச இலைன்னு எதையும் பெட்டில வச்சு கொண்டு போகாதீங்க, இங்க பல்லுயிர் சட்டம் இருக்கு, அங்க ஏர்போர்ட்ல குவாரண்டைன் இருக்கு, ஸ்கெட்ச்புக்க மட்டும் எவனும் புடுங்க மாட்டான்.