ஏரி லேயருக்கு மெட்டாடேட்டா எழுதுவது எப்படி?

கணினி வரைபடத்தில் ஏரி எல்லைகளை ஒரு லேயராக (அடுக்காக) வரைந்து முடித்த அன்றே மெட்டாடேட்டாவையும், அதாவது அந்தத் தரவைப் பற்றிய விவரக் குறிப்பையும், எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் எந்தப் படத்தைப் பார்த்து வரைந்தோம் என்பதே மறந்துவிடும். ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தரவு) வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எதையெல்லாம் எழுத வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 19115 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 2003-ல் வந்தது, 2014-ல் 19115-1 என்று புதுப்பித்தார்கள். அதிலுள்ள நூற்றுக்கணக்கான விவரங்களைப் பார்த்து மிரள வேண்டாம், கட்டாயமானவை கொஞ்சம்தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் லேயர் பெயரை டபுள் கிளிக் செய்து மெட்டாடேட்டா பகுதிக்குப் போனால் முக்கியமானவை வரிசையாக இருக்கும்.

தலைப்பில் ‘ஏரி ஃபைனல் 2’ என்று போடாதீர்கள். ‘காஞ்சிபுரம் மாவட்ட ஏரிகள், நீர்ப்பரப்பு, ஜனவரி 2024’ என்று இடம், பொருள், காலம் மூன்றும் வரட்டும். தொடர்புக்கு அலுவலகத்தின் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள். ஆள் மாறினாலும் அது மாறாது.

ஆயத்தொலை அமைப்பில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் முறையில் 43, 44-வது மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவே போகிறது. கோயம்புத்தூர் யுடிஎம் 43-வது மண்டலம், சென்னை 44. வெறுமனே ‘யுடிஎம்’ என்றால் போதாது. ஆயத்தொலை அமைப்புகளுக்கான இபிஎஸ்ஜி குறியீட்டை, 43-க்கு இபிஎஸ்ஜி:32643, 44-க்கு 32644 என்று எண்ணோடு எழுதுங்கள்.

அதிக நேரம் செலவிட வேண்டியது ‘ஹிஸ்டரி’ பகுதியில். தரவு எப்படி உருவானது என்ற கதை அங்கேதான் வரும். ‘செயற்கைக்கோள் படத்திலிருந்து’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. மே மாதம் வற்றிக் கிடக்கும் ஏரி, வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கரை தொட நிற்கும். நீங்கள் வரைந்தது தண்ணீரையா, கரையையா? இப்படி எழுதலாம்:

‘சென்டினல்-2 செயற்கைக்கோள் படம், 10 மீட்டர் தெளிவுத்திறன், ஜனவரி 2024. தண்ணீர் நின்ற பரப்பு மட்டும் கையால் வரையப்பட்டது. கரை, கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) சேர்க்கப்படவில்லை. களத்தில் சரிபார்க்கவில்லை.’

அந்தக் கடைசி வாக்கியத்தை மறைக்கவே கூடாது. ஆக்கிரமிப்பு அளக்க இந்த லேயரை எடுப்பவர் அதைப் பார்த்துத்தான் களத்துக்குப் போவதா என்று முடிவு செய்வார்.

ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் புலப்பெயர் (அட்டவணையின் பத்தித் தலைப்பு) 10 எழுத்துக்கு மேல் போகாது என்பதால் எல்லோரும் சுருக்கிவிடுகிறோம். ‘பரப்பு’ என்பது ஏக்கரா, ஹெக்டேரா என்று தனியாக எழுதி வையுங்கள். இப்படிப் புலங்களை விளக்குவதற்கென்றே ஐஎஸ்ஓ 19110 என்ற தரநிலை இருக்கிறது.

முடித்ததும் மெட்டாடேட்டாவை கியூஎம்டி (கியூஜிஐஎஸ்-ன் மெட்டாடேட்டா வடிவம்) கோப்பாகச் சேமித்து, லேயரோடு ஒரே ஜிப்பில் அனுப்புங்கள்.